எண்ணெய் இல்லாத ஊரில் எண்ணெய்த் திருநாள்

லிதுவேனியாவில் ஆலிவ் மரம் வளராது. டிசம்பர் மாதம் வில்னாவைச் சுற்றியிருந்த யூதச் சிற்றூர்களில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பனி கதவை முட்டிக்கொண்டு கிடக்கும். அந்த இருட்டுக்குள்தான் ஹனுக்கா வரும், எட்டு இரவு. ஒரு நாளைக்கே போதுமாயிருந்த ஆலிவ் எண்ணெய் எட்டு நாள் எரிந்ததை நினைத்துக் கொண்டாடும் திருநாள் அது. அதனால் அந்த நாட்களில் எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட வேண்டும் என்பது வழக்கம். எண்ணெய்க்கு எங்கே போவது?

அதற்கு ஏழை வீட்டுப் பெண்கள் கண்ட விடைதான் லாட்கே. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் துருவி, நீரைப் பிழிந்து, முட்டையும் கொஞ்சம் மாவும் உப்பும் சேர்த்து, சூடான கொழுப்பில் தட்டையாகப் பரப்பி, ஓரம் மொறுமொறுக்கச் சுட்டெடுக்கும் பண்டம். இன்று நியூயார்க், லண்டன், புவெனஸ் ஐரிஸ் என எங்கெல்லாம் கிழக்கு ஐரோப்பிய யூதர் வழிவந்தவர்கள் இருக்கிறார்களோ அங்கெல்லாம் ஹனுக்கா என்றதும் வீடு மணப்பது இதனால்தான். அந்த எண்ணெய் எரிந்ததாகச் சொல்லப்படும் மக்கபேயர் காலத்திலிருந்தே வருகிற பலகாரம் என்று நம்பிச் சுடுகிறவர்கள் உண்டு. உருளைக்கிழங்கு லாட்கேயின் வயது சுமார் இருநூறு ஆண்டுகள்தான். அதற்கு முன்னால் அது வேறொரு பண்டம். அதற்கும் முன்னால் இன்னொன்று. பொருட்கள் எல்லாமே மாறிய பிறகும் ஒரு பண்டம் அதே பண்டமாக நீடித்தது எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தப் பயணத்தை ஊர் ஊராகப் பின்தொடர்கிறேன்.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் யூதேயாவை ஆண்டவர்கள் செலூக்கிய வம்சத்துக் கிரேக்க அரசர்கள். அவர்களுள் நான்காம் அந்தியோக்கு யூதர்களின் ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தடைசெய்தான். எருசலேம் கோவிலில் அந்நிய தெய்வத்துக்குப் பலி இடவைத்தான். மோதின் என்ற ஊரைச் சேர்ந்த மத்தத்தியா என்ற குருவும் அவருடைய ஐந்து மகன்களும் மலைக்குள் புகுந்து போர் தொடுத்தார்கள். அந்த மகன்களில் ஒருவரான யூதா மக்கபே கி.மு. 164ல் கோவிலை மீட்டுத் தூய்மைப்படுத்தி விளக்கேற்றினார். இதைச் சொல்லும் மக்கபேயர் நூல்கள் தமிழ்க் கத்தோலிக்கர் வீட்டு விவிலியத்தில் இருக்கின்றன. யூதர்களின் திருநூல் தொகுப்பில் இல்லை. அந்த நூல்களில் எட்டு நாள் விழா உண்டு, எண்ணெய் அதிசயம் கிடையாது. தலைமைக் குருவின் முத்திரை உடையாமல், தீட்டுப்படாமல் அகப்பட்ட ஒரே ஒரு குப்பி எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்ற செய்தி, பல நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்ட பாபிலோனியத் தால்மூத் என்ற யூதச் சட்ட நூலில்தான் வருகிறது. வாள் பின்னுக்குப் போய் விளக்கு முன்னுக்கு வந்தது அங்கேதான். ஹனுக்கா சமையலறைக்குள் நுழைந்ததும் அந்த வழியாகத்தான்.

நடுக்கால ஐரோப்பாவில் இந்தத் திருநாளின் தட்டை முதலில் நிரப்பியது பாலாடைக்கட்டி. காரணம் ஒரு கைம்பெண். தன் ஊரை முற்றுகையிட்ட படைத்தலைவன் ஒலோபெரினின் கூடாரத்துக்குள் துணிந்து போய், அவன் போதையில் உறங்கும்போது அவன் வாளாலேயே அவன் தலையை வெட்டிய யூதித்தின் கதை. பழைய நூலில் அவன் மதுவால் சாய்கிறான். பிற்காலத்தில் அந்தக் கதையை மறுபடி சொன்னவர்கள் உப்புக் கரிக்கும் பாலாடைக்கட்டியையும் சேர்த்தார்கள்: அதைத் தின்றதால் தாகம், தாகத்தால் மது, மதுவால் உறக்கம். மக்கபேயர் காலத்தோடும் அவளை முடிச்சுப் போட்டார்கள். க்ராக்கோ நகரில் வாழ்ந்த சட்ட அறிஞர் மோசே இசர்லெஸ், ஹனுக்காவில் பாலாடைக்கட்டி சாப்பிடும் வழக்கத்தைக் குறித்துவைத்தபோது யூதித்து எதிரிக்குப் பால் கொடுத்ததையே அதற்குக் காரணமாக எழுதினார். ஹனுக்கா விளக்கு எரியும் நேரத்தில் பெண்கள் வேலை செய்யாமல் ஓய்ந்திருக்க வேண்டும் என்று ஒரு மரபும் உண்டு. தையல், துவையல் எல்லாம் நிற்கும். சமையலுக்கு மட்டும் அந்த விலக்கைப் பெரும்பாலும் பொருத்துவதில்லை. ஒரு பெண்ணின் வீரத்தைப் போற்றும் இரவிலும் அடுப்படியில் நின்றது பெண்கள்தான் என்பதை இந்தப் பண்டத்தைப் பற்றி எழுதுகிற எவரும் விட்டுவிடக் கூடாது.

இத்தாலிய யூதர்கள் ரிக்கோட்டா என்ற இளம் பாலாடைக்கட்டியை மாவில் பிசைந்து தட்டையாகப் பொரித்தார்கள். உணவு வரலாற்றாளர்கள் லாட்கேயின் பாட்டியாகக் காட்டுவது இதைத்தான். அது சிசிலித் தீவிலிருந்து ரோமுக்கு வந்த விதம் கொடியது. 1492 மார்ச் 31 அன்று ஸ்பெயினின் ஃபெர்டினாந்தும் இசபெல்லாவும் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார்கள்: கிறிஸ்தவத்துக்கு மாறாத யூதர் எல்லாரும் ஜூலை முடிவதற்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். சிசிலியும் அப்போது அவர்கள் ஆட்சியில் இருந்ததால் அங்கிருந்தவர்களும் கிளம்ப வேண்டியதாயிற்று. வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள் கைப்பக்குவத்தைக் கொண்டுவந்தார்கள். அதைப் பறிக்க எந்த ஆணையாலும் முடியவில்லை.

கெடு முடிந்த சில நாட்களில், ஆகஸ்ட் 3 அன்று, பாலோஸ் துறையிலிருந்து கொலம்பஸின் மூன்று கப்பல்கள் புறப்பட்டன. அவர் திறந்துவிட்ட கடல்வழியில் பின்னால் போன ஸ்பானியர்கள் 1530களில் ஆண்டீஸ் மலைக்கு ஏறினார்கள். டிட்டிகாகா ஏரியைச் சுற்றிய மேட்டுநிலத்தில் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பயிரிட்டுவந்த ஒரு கிழங்கை அங்கே பார்த்தார்கள். அந்த மக்கள் கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைத்து, சூனோ என்ற பெயரில் பல ஆண்டுகள் கெடாமல் வைத்துக்கொண்டார்கள். 1573ல் செவில்லே நகரத்து மருத்துவமனை ஒன்றின் கணக்கில் உருளைக்கிழங்கு வாங்கிய செலவு பதிவாகியிருக்கிறது. யூதர்கள் ஸ்பெயினை விட்டுப் போய் எண்பது ஆண்டு கழித்து உருளைக்கிழங்கு அங்கே வந்து இறங்கியது. க்ராக்கோவின் இசர்லெஸ் இறந்தது 1572ல். ஹனுக்கா உணவைப் பற்றிச் சட்டம் எழுதிய அந்த மனிதர் உருளைக்கிழங்கைக் கண்ணால் கண்டிருக்க வாய்ப்பில்லை.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் உருளைக்கிழங்கும் சந்திக்க இன்னும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஐரோப்பிய விவசாயி உருளைக்கிழங்கை நம்பவில்லை. நச்சுச் செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்த இலை. விவிலியத்தில் பேரில்லாத கிழங்கு. மண்ணுக்குள் உருண்டு கிடப்பது மாட்டுக்கும் பன்றிக்கும்தான் ஆகும் என்று ஒதுக்கினார்கள். நம்பவைத்தது பசி. புருசியாவின் இரண்டாம் ஃபிரெடரிக் 1756ல் தன் அதிகாரிகளுக்கு அனுப்பிய ஆணையில், எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் உருளைக்கிழங்கு பயிரிடச் சொல்லுங்கள் என்றார். படைகள் வயலை மிதித்துப் போனாலும் கிழங்கு மண்ணுக்கடியில் தப்பிக்கும். கோதுமை விளையாத மணல் நிலத்திலும் விளையும். அதே நிலத்தில் தானியத்தைவிட அதிக வயிறுகளை நிரப்பும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியிலும் அது போலந்து, லிதுவேனியா, பெலாரஸ், உக்ரைன் வயல்களுக்குப் பரவியது.

அதே காலத்தில்தான் அந்த மண்ணின் யூதர்களின் உலகம் சுருங்கிக்கொண்டிருந்தது. 1772, 1793, 1795 என மூன்று தடவையாகப் போலந்தை அண்டை அரசுகள் பங்குபோட்டுக்கொண்டன. யூதர்களில் பெரும்பாலோர் ரஷ்யப் பேரரசின் குடிகளானார்கள். 1791லிருந்து ரஷ்யா அவர்களைத் தன் மேற்கு எல்லையோர மாகாணங்களுக்குள்ளேயே வசிக்கச் சொல்லி அடைத்தது. நிலம் வாங்கத் தடை, தொழிலுக்குத் தடை, ஒரே சிற்றூரில் பத்துத் தையல்காரர், பத்துச் செருப்புத் தைப்பவர். அந்த வீடுகளில் ஞாயிறு உருளைக்கிழங்கு, திங்கள் உருளைக்கிழங்கு, செவ்வாயும் அதே. ஹனுக்காவுக்கு அதுவரை பக்வீட் என்ற தானியத்தின் மாவில் தட்டையப்பம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த இடத்தை உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டது. பாலாடைக்கட்டி எட்டாத விலை, கோதுமை மாவு எட்டாத விலை. நிலவறையில் குவிந்து கிடந்தது இதுதான். தினமும் வேகவைத்து உப்பு தொட்டுத் தின்ற அதே கிழங்கை எட்டு நாள் மட்டும் திருநாள் பண்டமாக மாற்றியதில்தான் அந்தப் பெண்களின் மேதைமை இருக்கிறது.

துருவிப் பொரிக்கும் இந்த முறையை யூதர்களே கண்டுபிடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. போலந்தில் இதற்கு ப்ளாட்ஸ்கி, பெலாரஸில் த்ரானிகி, உக்ரைனில் தெருனி, ரைன் நதிக்கரை ஜெர்மனியில் ரைபெகூகென். அதே கிழங்கு, அதே துருவி, ஏறக்குறைய அதே வடிவம். பக்கத்து வீட்டுப் போலிஷ் பெண்ணும் யூதப் பெண்ணும் ஒரே சந்தையில் ஒரே சாக்கிலிருந்துதான் கிழங்கு வாங்கினார்கள். வித்தியாசம் வாணலியில் இருந்தது. பக்கத்து வீட்டில் பன்றிக்கொழுப்பு உருகியது. யூதர் வீட்டில் அதற்கு இடமே கிடையாது. வெண்ணெய் விலை கட்டாது. ஆலிவ் எண்ணெய் தெற்கிலிருந்து வர வேண்டிய பண்டம். மிச்சமிருந்தது பெருவாத்து.

இலையுதிர் காலம் முழுக்க வாத்துக்குத் தீனி போட்டுக் கொழுக்கவைப்பார்கள். குளிர் தொடங்கியதும், ஹனுக்காவை ஒட்டி, அறுப்பு. இறைச்சி கொஞ்ச நாளைக்கு ஆகும், இறகு மெத்தைக்கும் தலையணைக்கும் போகும். உண்மையான செல்வம் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு. தோலையும் கொழுப்பையும் சிறு துண்டுகளாக நறுக்கி, இளந்தீயில் வெங்காயத்தோடு உருக்கினால் பொன்னிறத்தில் ஷ்மால்ட்ஸ் இறங்கும். அடியில் மிஞ்சும் முறுகலான தோல் துணுக்குகள் க்ரிபெனெஸ். அவற்றுக்காகக் குழந்தைகள் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். கொழுப்பை மண் ஜாடியில் ஊற்றிக் குளிர்ந்த நிலவறையில் வைத்துவிட்டால் குளிர்காலம் முழுவதுக்கும் வரும். புதுக் கிழங்கும் புதுக் கொழுப்பும் ஒரே சமயத்தில் வீட்டில் இருக்கும் நாட்கள் எவையோ அவைதான் ஹனுக்கா நாட்கள். சாமி கதை ஆலிவ் எண்ணெயைச் சொன்னது. பருவம் வாத்துக் கொழுப்பைக் கொடுத்தது. அந்த இரண்டையும் இணைத்துப் பார்த்துப் பொரிக்கத் தொடங்கிய முதல் வீடு எது என்று எந்த ஏடும் சொல்லாது. ஆனால் லாட்கே முழுமை பெற்றது அங்கேதான் என்பது என் முடிவு.

இதனால் ஒரு விளைவும் வந்தது. இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பது யூத உணவு விதியின் அடித்தளம். வாத்துக் கொழுப்பில் சுட்ட லாட்கே இறைச்சி வகை. எனவே அதன் மேல் புளித்த பாலேடு வைக்க முடியாது. குளிர்காலத்துக்காகச் சேமித்த ஆப்பிளை வேகவைத்து மசித்த கூழ் அதற்குத் துணையாயிற்று. கொழுப்பின் கனத்தை ஆப்பிளின் புளிப்பு வெட்டிக்கொடுக்கும். வெண்ணெயோ விதை எண்ணெயோ கிடைத்த வீடுகளில் புளித்த பாலேட்டுக்குத் தடையில்லை. இன்று அமெரிக்க வீடுகளில் ஆப்பிள் கூழா, புளித்த பாலேடா என்று கட்சி பிரிந்து வாதாடுகிறார்கள். அது நாக்கின் சண்டையாகத் தோன்றும். தொடக்கத்தில் அது பாட்டி எந்தக் கொழுப்பில் சுட்டாள் என்ற கேள்வியாக இருந்தது. என்னைக் கேட்டால் ஆப்பிள் கூழ் பக்கம்தான் நிற்பேன்.

1881ல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்ஸாண்டர் கொல்லப்பட்டார். பழி யூதர்கள் மேல் விழுந்தது. ஊர் ஊராகக் கலவரம், கொள்ளை, கொலை. அந்த ஆண்டு முதல், குடியேற்றத்துக்கு அமெரிக்கா கதவடைத்த 1924 வரை, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். நியூயார்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதி அவர்களால் நிரம்பியது. ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடம் இன்று அருங்காட்சியகம். அங்கே ஒரு குடும்பத்துக்கு இருந்த இடம் மொத்தம் 325 சதுர அடி, மூன்று அறைகள். நடு அறையில் நிலக்கரி அடுப்பு. சமையல், துவையலுக்கு வெந்நீர், தையற்காரரின் இஸ்திரிப் பெட்டிக்குச் சூடு எல்லாம் அதிலேயே. வாத்துக் கொழுப்பில்லாமல் வாழத் தெரியாத பெண்கள் சிலர் அந்த நெருக்கடியான கட்டடங்களின் நிலவறைகளிலேயே பெருவாத்து வளர்த்து விற்றார்கள். நகரச் சுகாதார அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. கிராமத்துப் பெண் நகரத்தில் பிழைக்கும் வழி அது என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கா இந்தப் பண்டத்துக்கு இரண்டு காரியம் செய்தது. ஒன்று, கொழுப்பை மாற்றியது. 1911ல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் பருத்தி விதை எண்ணெயைக் கெட்டியாக்கி க்ரிஸ்கோ என்ற பெயரில் டப்பாவில் விற்றது. அதில் இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை, எதோடும் சேரும். நிறுவனம் யூத இல்லத்தரசிகளை நேராகவே குறிவைத்தது. 1933ல் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷும் ஆங்கிலமுமாக ஒரு சமையல் புத்தகமே வெளியிட்டது. ஜாடியில் உருக்கி வைத்த ஷ்மால்ட்ஸ் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. கடைக்குப் போனால் ஆண்டு முழுக்க மலிவாகக் கொழுப்பு கிடைக்கும் என்றான பிறகு பெருவாத்தும் நிலவறைகளிலிருந்து மறைந்தது. அந்த மாற்றத்தில் உழைப்பு குறைந்தது, மணமும் குறைந்தது.

இன்னொன்று, ஹனுக்காவையே பெரிதாக்கியது. யூத ஆண்டில் அது சிறிய திருநாள். பாஸ்காவுக்கும் புத்தாண்டுக்கும் முன்னால் நிற்காது. ஆனால் அமெரிக்க டிசம்பரில் தெருவெங்கும் கிறிஸ்துமஸ் ஒளி. நமக்கென்று ஒன்றுமில்லையா என்று கேட்கும் குழந்தைக்குப் பெற்றோர் ஹனுக்காவைக் காட்டினார்கள். திருநாள் வளர்ந்தது, லாட்கேயும் கூடவே வளர்ந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1946 முதல், பூரிம் திருநாளின் முக்கோணப் பலகாரமான ஹமந்தாஷ் உயர்ந்ததா, லாட்கே உயர்ந்ததா என்று பேராசிரியர்கள் மேடையேறி வாதிடும் நிகழ்ச்சி நடந்துவருகிறது. நோபல் பரிசு பெற்றவர்களும் அதில் பேசியிருக்கிறார்கள். 2013 நவம்பர் 28 அன்று ஹனுக்காவின் முதல் நாளும் அமெரிக்கர்களின் நன்றி தெரிவிக்கும் நாளும் ஒன்றாக வந்தன. அன்று பல வீடுகளில் வான்கோழிக்குப் பக்கத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு லாட்கே இருந்தது.

பிறந்த மண்ணில் நடந்தது வேறு. இரண்டாம் உலகப் போருக்கு முன் போலந்தில் சுமார் 33 லட்சம் யூதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 30 லட்சம் பேரை நாஜிகள் கொன்றார்கள். வில்னாவின் யூதத் தெருக்கள் காலியாயின. பாட்டியோடு பாட்டியின் கைப்பக்குவமும் போயிற்று. அளவு எழுதி வைக்கும் வழக்கம் அந்த வீடுகளில் அதிகம் இல்லை. நாஜிகளின் தெரேசின் முகாமில் பட்டினி கிடந்த பெண்கள் தங்கள் வீட்டுச் சமையல் குறிப்புகளை நினைவிலிருந்து சொல்லிச் சொல்லித் துண்டுத் தாள்களில் எழுதினார்கள். மீனா பெக்டர் என்ற பெண் அந்தக் கட்டைத் தன் மகளிடம் சேர்க்கச் சொல்லி ஒரு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு 1944ல் அங்கேயே இறந்தார். அது மகளின் கைக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் பிடித்தது, 1996ல் நூலாயிற்று. குழம்பென்று தண்ணீரும் அழுகிய கிழங்குமே கிடைத்த இடத்தில், எத்தனை முட்டை, எவ்வளவு வெண்ணெய் என்று எழுதிவைத்த அந்தப் பெண்களை நினைக்காமல் இந்த மக்களின் எந்தப் பலகாரத்தைப் பற்றியும் என்னால் எழுத முடியவில்லை. இன்று வார்சாவில் ப்ளாட்ஸ்கி பல உணவகங்களில் கிடைக்கும். வாத்துக் கொழுப்பில் ஹனுக்காவுக்குச் சுட்ட வீடுகள்தான் இல்லை.

இப்போது அடுப்படிக்கு வருவோம். ஒரு புரூக்ளின் வீட்டில் மூன்று தலைமுறை கூடியிருக்கும் மாலை. ஒரு கிலோ உருளைக்கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம், இரண்டு முட்டை, மூன்று மேசைக்கரண்டி மைதாவோ புளிக்காத அப்பத்தை அரைத்த மட்ஸா பொடியோ, உப்பு, மிளகு. கிழங்கில் மாவுச்சத்து மிகுந்த ரகம் வேண்டும். அமெரிக்காவில் ஐடஹோவின் ரசெட். நாற்புறத் துருவியைக் கையில் எடுத்ததுமே விவாதம் தொடங்கும். சிறு துளையில் துருவினால் உள்ளே கூழாக வெந்து வெளியே மெல்லிய தோல் கட்டும். பெரிய துளையில் துருவினால் ஓரமெல்லாம் சிலும்பிக்கொண்டு முறுகும். பழைய வீடுகளில் சிறு துளைதான். கிழங்கோடு விரல் முட்டியும் உரசிப் போகும் என்பதால் கடைசித் துண்டைத் துருவாமல் விட்டுவிடக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். 1973ல் குவிசினார்ட் இயந்திரம் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபின் பலரும் அதற்கு மாறினார்கள். நான் பெரிய துளைக்காரன். ஆனால் நாலில் ஒரு பங்கைச் சிறு துளையில் துருவிச் சேர்த்தால் இரண்டு குணமும் ஒன்றில் வரும்.

துருவிய கிழங்கு காற்றுப் பட்டதும் பழுப்பாகத் தொடங்கும். அதிலுள்ள நொதி செய்யும் வேலை அது. கிழங்கையும் வெங்காயத்தையும் மாற்றி மாற்றித் துருவினால் வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் அதைத் தாமதப்படுத்தும். வேதியியல் தெரியாத பாட்டிகள் இதைச் செய்துவந்தார்கள். அடுத்தது பிழிதல். பருத்தித் துணியில் கட்டி, இனி ஒரு சொட்டும் வராது என்ற அளவுக்கு முறுக்கிப் பிழிய வேண்டும். வீட்டில் பலசாலி யாரோ அவருக்கு இந்த வேலை. நீர் மிஞ்சினால் எண்ணெயின் சூடு அதை ஆவியாக்குவதிலேயே போய்விடும். பண்டம் வேகும், முறுகாது. பிழிந்த நீரைக் கொட்டிவிடக் கூடாது. பத்து நிமிடம் அசையாமல் வைத்து மேல்நீரை வடித்தால் அடியில் வெள்ளைவெளேரென்று மாவு படிந்திருக்கும். அதை வழித்துத் துருவலில் சேர்க்க வேண்டும். பெட்டியில் விற்கும் லாட்கே பொடியில் எனக்கு உடன்பாடில்லாததற்குக் காரணம் இந்த மாவுதான்: அந்தக் கிழங்கே தன்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தேவையானதைத் தருகிறது.

கனமான இரும்பு வாணலியில் அரை சென்டிமீட்டருக்கு எண்ணெய் ஊற்றி 175, 180 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். ஒரு துணுக்கைப் போட்டால் உடனே சீறி மேலே வர வேண்டும். ஒரு கரண்டி மாவை வைத்து மெல்லத் தட்டி, ஒரு புறத்துக்கு மூன்று நான்கு நிமிடம். நெருக்கிப் போட்டால் சூடு இறங்கி எண்ணெய் குடிக்கும். திருப்புவது ஒரே தடவைதான். எடுத்ததும் கம்பித் தட்டில் வைத்து உடனே உப்புத் தூவ வேண்டும். இத்தனையும் செய்து மேசையில் பரிமாறலாம் என்று காத்திருந்தால் லாட்கே காத்திருக்காது. ஐந்து நிமிடத்தில் ஓரம் தளர்ந்துவிடும். அதனால் எல்லாரும் அடுப்பைச் சுற்றி நின்று, வாணலியிலிருந்து இறங்க இறங்க, விரல் சுடச் சுட எடுத்துத் தின்கிறார்கள். தோசை சுடுகிறவர் கடைசியில் உட்காரும் வீடுகள் நமக்குத் தெரியும், இங்கேயும் அப்படித்தான். சில குடும்பங்களில் இப்போது ஒவ்வொரு வாணலிக்கும் ஆள் மாற்றுகிறார்கள், ஆண்களும் கரண்டி பிடிக்கிறார்கள். இரண்டு நூற்றாண்டில் லாட்கேக்கு வந்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

எண்ணெயில் பொரிக்கும் வழக்கம் போன இடமெல்லாம் அந்தந்த ஊர்ப் பண்டத்தையே பிடித்துக்கொண்டது. மொரோக்கோ யூதர்களுக்கு வளையம் வளையமாகப் பொரிக்கும் ஸ்ஃபெஞ்ச். கொச்சி யூதர்கள் ஹனுக்காவுக்குச் சுட்டது நெய்யப்பம். ஆலிவ் இல்லாத கேரளக் கடற்கரையில் தேங்காயெண்ணெய் இருந்தது; வடக்கே வாத்து செய்த வேலையைத் தெற்கே தென்னை செய்தது. பாக்தாத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து குடியேறிய யூதர்கள் முழு உருளைக்கிழங்கையே மஞ்சளும் உப்பும் போட்டு அரைவேக்காடு வேகவைத்து, நிறைய எண்ணெயில் நிதானமாகப் பொரித்து, ஆலூ மகல்லா என்றார்கள். அது ஹனுக்காவுக்கென்றே உரியது அல்ல, ஓய்வுநாள் விருந்துக்கானது.

இஸ்ரேலில் லாட்கேக்கு முதலிடம் கிடைக்கவில்லை. அங்கே ஹனுக்கா என்றால் ஜாம் வைத்த உருண்டை டோனட்டான சுஃப்கானியா. 1920களில் ஹிஸ்தத்ருத் என்ற தொழிலாளர் சங்கம் அதற்கு ஆதரவளித்தது என்பார்கள்: லாட்கேயை யாரும் வீட்டில் சுட்டுக்கொள்வார்கள், டோனட்டுக்கு அடுமனையும் அடுமனைக்கு வேலையாட்களும் வேண்டும். வேலை கொடுக்கும் பண்டம் தெருவைப் பிடித்தது, லாட்கே வீட்டோடு இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை, ஏனென்றால் டோனட்டின் ஆயுள் எட்டு நாள். ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த மாவுக்குப் பாஸ்கா வீட்டுக்குள் இடம் கிடையாது. அந்த வாரம் முழுதும் புளித்தது எதுவும் கண்ணில் படக் கூடாது. உருளைக்கிழங்குக்கு அந்தத் தடை இல்லை. பழைய லிதுவேனிய வீடுகளில் ஹனுக்காவுக்கு உருக்கிய வாத்துக் கொழுப்பில் ஒரு ஜாடியைப் பாஸ்காவுக்கென்றே தனியாக மூடிவைத்தார்கள். மார்ச்சிலோ ஏப்ரலிலோ அந்த ஜாடியைத் திறந்து, மைதாவுக்குப் பதில் மட்ஸா பொடியைப் போட்டு, அதே லாட்கேயை மறுபடி சுட்டார்கள். இன்றும் சுடுகிறார்கள், எண்ணெய்தான் வேறு.